நாலு தலைமுறைச் சில்லு மூக்கு

எங்கம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த காலம் முழுக்க வெள்ளை லாட்டைத் தொட்டதில்லை. கறுப்பு, நேவி, மெரூன் என்று எது வந்தாலும் முதல் ஆளாக அந்த டேபிளுக்குப் போய்விடுவார். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் விட்டுப்போன இடத்தைத் தேடுவது கண்ணைக் கெடுக்கிற வேலை. யாரும் விரும்பி எடுக்கமாட்டார்கள். "உங்கம்மாவாட்ட ஒரு இளிச்சவாயப் பாத்ததில்ல கண்ணு" என்று கூட வேலை செய்த அக்கா ஒருத்தர் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

காரணம் மூக்கு. எந்த நேரம் சொட்டும் என்று சொல்ல முடியாது. குனிந்து பீஸைத் திருப்பும்போது ஒரு சொட்டு விழுந்தால், கறுப்பில் மற்றவர்கள் பார்ப்பதற்குள் எடுத்துப்போய் அலசிவிட அவகாசம் உண்டு. கைக்குழந்தைகளுக்குப் போகிற வெள்ளை ரோம்பரில் விழுந்தால் மொத்த டேபிளும் திரும்பிப் பார்க்கும், சூப்பர்வைசர் வந்து நிற்பார், அந்தக் கட்டைத் தனியாக எடுத்து வைப்பார்கள். ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணிதான், சுடுதண்ணி பட்டால் கறை நூலோடு நின்றுவிடும். ஊரில் கறை எடுக்கிற தொழில்காரர்களுக்குத் தெரிந்த இந்தப் பாடம் எங்கள் வீட்டில் பால்வாடிக் குழந்தைக்கும் தெரியும்.

சில்லு மூக்கு உடைவது எங்கள் குடும்பத்தில் சளி பிடிப்பதுபோல ஒரு சாதாரண சங்கதி. அம்மாவைப் பெற்ற அம்மிச்சிக்கு இருந்தது. அம்மாவுக்கு, மாமாவுக்கு, எனக்கு, இப்போது என் மகளுக்கு. தாராபுரம் பக்கத்து ஊர் அம்மிச்சிக்கு. காட்டு வேலை. ரத்தம் வந்தால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பார், யாராவது தலையில் ஒரு சொம்புத் தண்ணி ஊற்றுவார்கள், நின்றதும் மறுபடி மண்வெட்டியை எடுப்பார். அவருடைய கீழுதட்டில் கடுகு அளவில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. வெற்றிலை போடுகிற வாய் என்பதால் யாரும் அதைத் தனியாகக் கவனித்ததில்லை. அம்மாவின் உதட்டிலும் முப்பது வயதுக்கு மேல் அதே புள்ளிகள் வந்தன, விரல் நுனியிலும். அம்மா வெற்றிலை போடுவதில்லை.

திருப்பூரில் ஒரு வசதி இருக்கிறது. மூக்கில் ரத்தம் வந்தால் காரணம் தேடி எங்கேயும் போகவேண்டாம், ஊரே கையில் கொடுத்துவிடும். நிட்டிங் ஓடுகிற இடமென்றால் பஞ்சு. பிளீஸ் துணிக்கு ரைசிங் போடுகிற இடமென்றால் இன்னும் அதிகப் பஞ்சு. சாயப்பட்டறை என்றால் ஆசிட் நெடி. ஷிப்மென்ட் நெருக்கத்தில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு விடிய விடியத் தூங்காமல் இருந்தால் உடம்புச் சூடு. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம் பக்கம் தோலையே உரிக்கும், அப்போது காற்று. மெர்ச்சண்டைசர் ஆகி நான் உட்கார்ந்த அறைக்கு ஏசி போட்டார்கள், உடனே ஏசி. இதில் ஒன்றும் பொய் இல்லை. வறண்ட காற்றும் தூசியும் மூக்கின் உள்தோலைக் காயவைக்கும், ஏற்கெனவே பலவீனமான ரத்தக்குழாய் அதில் உடையும். ஆனால் அந்தக் குழாய் ஏன் பலவீனமாக இருக்கிறது என்ற கேள்வியை இந்தப் பதில்கள் எல்லாம் சேர்ந்து அமுக்கிவிட்டன. பஞ்சையே பார்த்திராத அம்மிச்சிக்கு ஏன் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாமா கதையில்தான் இது கொடுமையாக முடிந்தது. அவர் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலை போனது. "போனாப் போகுது, இனி உன்ற மூக்காச்சும் நல்லா இருக்கும்" என்று அவருடைய அப்பா, எங்கள் அப்புச்சி, ஆறுதல் சொன்னார். பட்டறை மூடிக் கிடந்த மாதங்களிலும் மூக்கு நிற்கவில்லை. பெரிதாகப் போய்விட்ட ஒருநாள், ஒரு ஆஸ்பத்திரியில் சாதாரண காஸ் துணியைத் திணித்து அனுப்பினார்கள். எடுக்கும்போது காய்ந்த துணியோடு தோலும் பிய்ந்து முன்னைவிட மோசமாக வந்தது. எங்களைப்போன்ற மூக்குக்குத் தானாகக் கரைகிற பேக்கிங்தான் வைக்கவேண்டும் என்பது அப்போது எங்களுக்கும் தெரியாது, வைத்தவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச காலத்தில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். சில வாரங்களில் தலைவலி, காய்ச்சல், ஒரு கை இழுத்துக்கொண்டது. மூளையில் சீழ் கட்டி. பிழைக்கவில்லை. மூக்குக்கும் மூளைக்கும் முடிச்சுப்போட அன்றைக்கு ஆள் இல்லை.

அந்த முடிச்சு 2021 மே மாதம்தான் விழுந்தது. கொரோனா இரண்டாம் அலை, ஊரடங்கு, வீட்டுக்கு வீடு ஆக்ஸிமீட்டர். நாங்களும் வாங்கி ஆளுக்கொரு விரலை விட்டுப் பார்த்தோம். எல்லோருக்கும் 98, 99. அம்மாவுக்கு 91. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, சாவகாசமாக உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். மெஷின் கோளாறு என்று பக்கத்து வீட்டில் வாங்கி வந்து பார்த்தோம். அதே எண். கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனோம். கொரோனா டெஸ்ட் நெகட்டிவ். நெஞ்சு சிடி எடுத்ததில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் ரத்தக்குழாய் ஒன்று முடிச்சுப் போட்டதுபோல உருண்டு நின்றது. முழு பாதுகாப்பு உடைக்குள் வியர்த்துக்கொண்டிருந்த அந்த இளம் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக் கேட்டார்: "ஏனுங்கம்மா, உங்களுக்கு அடிக்கடி மூக்கில ரத்தம் வருங்களா? வீட்டில வேற யாருக்காச்சும்?"

அத்தனை வருஷத்தில் 'வீட்டில வேற யாருக்காச்சும்' என்று கேட்ட முதல் டாக்டர் அவர்தான்.

அம்மாவின் உதட்டைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், விரல் நுனிப் புள்ளியை ஒரு கண்ணாடித் துண்டால் அழுத்தினார். புள்ளி வெளுத்தது, எடுத்ததும் சிவந்தது. ஹெரிடிட்டரி ஹெமரேஜிக் டெலாஞ்சியெக்டேசியா என்று எழுதிக் கொடுத்தார். சுருக்கமாக எச்.எச்.டி. இதை உறுதிசெய்யப் பெரிய மெஷின் எதுவும் வேண்டியதில்லை. கரீபியன் கடலில் உள்ள குரசாவ் தீவின் பெயரால் 2000-ல் வெளியான அளவுகோல் ஒன்று இருக்கிறது. தானாக, அடிக்கடி மூக்கில் ரத்தம் வருவது. உதடு, நாக்கு, விரல், மூக்கு போன்ற இடங்களில் அந்தப் புள்ளிகள். நுரையீரல், மூளை, கல்லீரல், குடல் போன்ற உள்ளுறுப்பில் கோளாறான ரத்தக்குழாய். பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளில் ஒருவருக்கு இதே நோய். நாலில் மூன்று இருந்தால் நோய் உறுதி, இரண்டு இருந்தால் சந்தேகம். அம்மாவுக்கு நாலும் இருந்தது. அந்த நாலில் மூன்றை, உதட்டைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்டிருந்தாலே எப்போதோ கண்டுபிடித்திருக்கலாம்.

நோய் ரத்தத்தில் இல்லை, குழாயில். அதனால்தான் எங்களுக்கு எடுத்த பிளேட்லெட், உறைவு நேரம் எல்லாம் எப்போதும் நார்மல் என்றே வரும், நாங்களும் நிம்மதியாகத் திரும்பி வருவோம். இதயத்திலிருந்து அழுத்தத்தோடு வருகிற தமனி, நுண்குழாய்களாகப் பிரிந்து வேகம் தணிந்த பிறகுதான் சிரையில் சேரவேண்டும். எங்களுக்குச் சில இடங்களில் அந்த நுண்குழாய் வலையே இல்லை, தமனி நேராகச் சிரையில் போய் விழுகிறது. கம்ப்ரசர் லைனை ரெகுலேட்டர் வைக்காமல் நேராக மெல்லிசுக் குழாயில் மாட்டினால் என்ன ஆகும் என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மூக்கில் அது உடைந்தால் வெளியே தெரிகிறது. நுரையீரலில் இருந்தால் வேறு ஆபத்து. உடம்பில் சுற்றுகிற சின்ன ரத்தக் கட்டிகளையும் கிருமிகளையும் வடிகட்டுவது நுரையீரலின் நுண்குழாய்கள். வடிகட்டி இல்லாத குறுக்குவழி ஒன்று அங்கே இருந்தால் அவை நேராக மூளைக்குப் போகும். பக்கவாதம் வரலாம், சீழ்க்கட்டி வரலாம். பல் பிடுங்கும்போது வாயிலுள்ள கிருமி ரத்தத்தில் கலக்கும் என்பதால், இப்படிப்பட்டவர்களுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுக்கவேண்டும். மாமாவைப் பற்றிச் சொன்னபோது டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இப்ப நிரூபிக்க முடியாதுங்க. ஆனா பொருந்துது" என்றார். அம்மா அங்கேயே அழுதார்.

அம்மாவின் நுரையீரல் குழாயைத் தொடைவழியாக ஒரு கதீட்டரை விட்டு, சின்ன உலோகச் சுருள்களை வைத்து அடைத்தார்கள். நெஞ்சைத் திறக்கவில்லை. இப்போது ஆக்ஸிமீட்டர் 97 காட்டுகிறது.

இந்த நோயின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தபோது நான் எதிர்பாராத ஒரு ஆள் வந்து நின்றார். பெஞ்சமின் கய் பாபிங்டன். தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்தவர். வீரமாமுனிவர் லத்தீனில் எழுதிய செந்தமிழ் இலக்கணத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1822-ல் சென்னையில் வெளியிட்டவர். அதே வருஷம் லண்டனில் பரமார்த்த குருவின் கதையைத் தமிழ் மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, சொற்பட்டியல் சகிதம் அச்சிட்டவர். மாமல்லபுரத்துச் சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் பற்றி எழுதியவர். உடம்பு சரியில்லாமல் இங்கிலாந்து திரும்பி, மருத்துவம் படித்து டாக்டரானார். தொண்டைக்குள் பார்க்க 1829-லேயே ஒரு கண்ணாடிக் கருவி செய்து காட்டினார். 1850-ல் லண்டனில் தொற்றுநோயியல் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர். அவர்தான் 1865-ல் லான்செட் இதழில், ஒரே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக மூக்கில் ரத்தம் வருவதைப் பற்றி எழுதினார். அடுத்த வருஷம் இறந்துபோனார். பரமார்த்த குருவின் சீடர்கள் மட்டியும் மடையனும் ஆற்றைக் கடக்கப் பயப்படுகிற கதையைப் பதிப்பித்த அதே ஆள்!

நோய்க்கு அவர் பெயரை வைக்கவில்லை. 1896-ல் பாரிஸில் ரெண்டு, இது ஹீமோஃபிலியா இல்லை, வேறு நோய் என்று பிரித்துக் காட்டினார். 1901-ல் ஆஸ்லர், 1907-ல் வெபர். மூவர் பெயரையும் சேர்த்து ஆஸ்லர்-வெபர்-ரெண்டு நோய் என்றார்கள், இப்போதைய நீளப் பெயரை 1909-ல் ஹேன்ஸ் வைத்தார். எனக்கு என்னவோ பாபிங்டன் மேல்தான் பிரியம். அவரிடம் ஸ்கேன் இல்லை, ஜீன் தெரியாது, புள்ளிகளைப் பற்றிக்கூட அவர் பேசவில்லை. குடும்பத்தில் யார் யாருக்கு வந்தது என்று விசாரித்திருக்கிறார், அவ்வளவுதான். 1865-ல் கேட்ட கேள்வியை எங்களிடம் 2021-ல் கேட்டார்கள்.

அம்மாவுக்கு உறுதியானதும் எங்கள் எல்லோருக்கும் டெஸ்ட் தொடங்கியது. ஜீன் டெஸ்டில் எண்டோக்லின் என்ற புரதத்துக்கான ஜீனில் பிழை என்று வந்தது. ஒன்பதாவது குரோமோசோம். இந்த வகைக்கு நுரையீரலிலும் மூளையிலும் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம். இன்னொரு வகை பன்னிரண்டாவது குரோமோசோமில், அதில் கல்லீரல் பாதிப்பு அதிகம். அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டதால் இளையதுக்கு வராது என்ற கணக்கு இதில் கிடையாது. எனக்கு பபிள் எக்கோ எடுத்தார்கள். உப்புநீரை ஊசியிலேயே குலுக்கிப் பொடிக் குமிழிகளாக்கிக் கைநரம்பில் ஏற்றுவார்கள். எக்கோ திரையில் இதயத்தின் வலப்பக்கம் வெள்ளையாகப் பொங்கும். நுரையீரல் ஒழுங்காக இருந்தால் குமிழிகள் அங்கேயே வடிகட்டப்பட்டுவிடும், இடப்பக்கம் கறுப்பாகவே இருக்கும். என் இடப்பக்கம் கறுப்பாகவே இருந்தது. நான் இரண்டு பிள்ளை பெற்றவள். நுரையீரலில் இந்தக் கோளாறு இருக்கிற பெண்ணுக்குக் கர்ப்பகாலத்தில் அது பெருத்து உள்ளேயே ரத்தம் கசியும் அபாயம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பிள்ளைகளில் மகளுக்கு இருக்கிறது, மகனுக்கு இல்லை.

மூக்கைச் சமாளிப்பது பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். முதல் விஷயம், அண்ணாந்து பார்க்காதீர்கள். ரத்தம் தொண்டைக்குள் போய் வயிற்றைக் குமட்டும், எவ்வளவு போகிறது என்றும் தெரியாது. உட்கார்ந்து, தலையை லேசாக முன்னால் சாய்த்து, மூக்கின் மிருதுவான கீழ்ப்பகுதியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து, வாயால் மூச்சு விடவேண்டும். கடிகாரம் பார்த்து பத்துப் பதினைந்து நிமிஷம். நடுவில் நின்றுவிட்டதா என்று திறந்து பார்க்கக்கூடாது, அது எல்லோருக்கும் வருகிற ஆசை. மற்ற நேரங்களில் மூக்கைக் காயவிடாமல் வைத்திருப்பதுதான் வைத்தியம். உப்புநீர் ஸ்பிரே காலையும் மாலையும் அடிக்கிறேன், ராத்திரி ஆயின்ட்மென்ட் தடவுகிறேன். டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை டாக்டர் சொல்கிற மாதங்களில் உண்டு. ரத்தத்தை நிறுத்த மூக்கின் உள்ளே திரும்பத் திரும்பச் சுட்டால் நடுச்சுவரே ஓட்டையாகிவிடும், அதனால் யாராவது 'சுட்டுவிடலாம்' என்றால் இந்த நோயின் பெயரைச் சொல்லி ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள். தலைவலிக்கு புரூஃபென், டிக்ளோஃபினாக் மாதிரி மாத்திரைகளை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிற பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். பாராசிட்டமால் மட்டும்தான். எண்ணெய்க் குளியலும் இளநீரும் உடம்புக்கு இதமாகத்தான் இருக்கின்றன, அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை.

மோசமாக இருப்பவர்களுக்கு, புற்றுநோய்க்குக் கொடுக்கிற பெவாசிஸுமாப் ஊசியைக் குறைந்த அளவில் பயன்படுத்துகிறார்கள், இந்தியக் கம்பெனிகளே அதைத் தயாரிக்கின்றன. 2024-ல் பொமாலிடோமைடு மாத்திரையை 144 பேரிடம் சோதித்த ஆய்வு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். தாலிடோமைடின் வாரிசு மாத்திரை அது, வயிற்றுக் குழந்தையைச் சிதைக்கும். பிள்ளைபெறும் வயதுப் பெண்கள் அதைக் கையில் எடுக்குமுன் டாக்டரிடம் முழுசாகப் பேசவேண்டும்.

மூக்கைவிடப் பெரிய தொல்லை ரத்தசோகை. அம்மா முந்தானையில் பச்சரிசியை முடிந்துவைத்து நாளெல்லாம் மென்றுகொண்டிருப்பார். அரிசி தின்றால்தான் சோகை பிடிக்கும் என்று அம்மிச்சி திட்டுவார். விஷயம் தலைகீழ். இரும்புச்சத்து வற்றிப்போன உடம்புதான் அரிசி, சாம்பல், ஐஸ்கட்டி என்று தேடும். அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 6-க்குக் கீழே போயிருந்தது, அதோடு நின்றுகொண்டே செக்கிங் பார்த்திருக்கிறார். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை. பாதிப் பெண்கள் வெளிறித்தான் இருக்கிறார்கள் என்றால், ஒருத்தி ஏன் வெளிறியிருக்கிறாள் என்று யார் கேட்பார்கள்? கம்பெனிக்கு மெடிக்கல் கேம்ப் வருவார்கள், சிவப்பு மாத்திரை கொடுப்பார்கள், போய்விடுவார்கள். இப்போது அம்மாவுக்கு நரம்புவழியாக இரும்பு ஏற்றுகிறோம். ஏற்றிய மாதத்தில் அவர் படியேறுகிற வேகமே வேறு. முந்தானையில் அரிசி இல்லை.

என் கல்யாணப் பேச்சு நடந்தபோது பெரியம்மா என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னது: "அம்முணி, மூக்கு சமாச்சாரத்த அவங்ககிட்டச் சொல்லிப்போடாத." பெயரே தெரியாத நோயை மறைப்பதும் சுலபமாகத்தான் இருந்தது. பெயர் தெரிந்த பிறகு சொந்தத்தில் சிலர் டெஸ்டுக்கே வரமறுக்கிறார்கள், பெண் பிள்ளைகள் இருக்கிற வீடு, எழுத்தில் வந்துவிட்டால் வரன் போய்விடும் என்று. அவர்களிடம் கோபப்பட முடியவில்லை. ஆனால் மாமாவின் மகன் இன்னும் எக்கோ எடுக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அவனுக்கு அடிக்கடி பல்வலி வேறு.

சட்டமும் எங்களை அறியாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் ஹீமோஃபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் மூன்றும் இருக்கின்றன. அவை இருக்கவேண்டியவைதான். மாதாமாதம் ரத்தமும் இரும்பும் ஏற்றிக்கொள்கிற எச்.எச்.டி.காரருக்கு அதில் இடமில்லை. இந்த நோய் ஐந்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. அப்படிப் பார்த்தால் 2011 கணக்கெடுப்பில் 24.8 லட்சம் பேர் இருந்த திருப்பூர் மாவட்டத்தில் சுமார் 500 பேர் இருக்கவேண்டும். பெரும்பாலானவர்கள் இந்த நிமிஷம் பஞ்சையோ சாயத்தையோ சூட்டையோ குறைசொல்லிக்கொண்டு டேபிளில் நிற்பார்கள்.

எல்லாச் சில்லு மூக்கும் இந்த நோய் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு எப்போதாவது வருவது பெரும்பாலும் சாதாரணம்தான், பயப்படவேண்டாம். உங்கள் வீட்டில் இரண்டு தலைமுறைக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் வருகிறதென்றால், கூடவே உதட்டிலோ விரலிலோ அழுத்தினால் வெளுக்கிற சிவப்புப் புள்ளி இருக்கிறதென்றால், காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் 'எச்.எச்.டி.யாக இருக்குமா, பபிள் எக்கோ எடுக்கவேண்டுமா' என்று வாய்விட்டுக் கேளுங்கள். நுரையீரலைப் பார்க்காமல் பல் பிடுங்கப் போகாதீர்கள். இந்தப் பதிவை உங்கள் கம்பெனி வாட்ஸப் குரூப்பிலும் போடுங்கள், கறுப்பு லாட்டையே கேட்டு வாங்குகிற அக்கா யாராவது அங்கேயும் இருப்பார்.